மருத்துவ உளவியல் படிக்கப் போகிறவர்களுக்கு

"எல்லாரும் என்கிட்டதான் வந்து மனசுவிட்டுப் பேசுவாங்க, அதனால சைக்காலஜி எனக்கு சரியா வரும்." இந்தப் படிப்பில் சேர நினைக்கும் பலரும் சொல்லும் காரணம் இது. காது கொடுத்துக் கேட்கத் தெரிவது நல்ல மூலதனம்தான். ஆனால் கேட்பது மட்டும் போதுமென்றால், நல்ல நண்பர்கள் வாய்த்த யாருக்கும் பேனிக் அட்டாக் (திடீரென்று உச்சத்துக்குப் போகும் பீதி) வரக் கூடாது. மருத்துவ உளவியலாளர் செய்ய வேண்டியது வேறொன்று. பிரச்சினை ஏன் வந்தது என்பதோடு நின்றுவிடாமல், அது ஏன் இன்னும் போகாமல் இருக்கிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்தில் கைவைக்க வேண்டும். தெரபி முறைகளின் பெயர்களை மனப்பாடம் செய்யும் முன் இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை விளங்கிவிடும்.

யார் யார் என்ற குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். மனநல மருத்துவர் மருத்துவம் படித்து, மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் உளவியல் படித்து, மருத்துவமனையில் மேற்பார்வையோடு பயிற்சி பெற்றவர். சோதனைகள் செய்வார், நோயைக் கணிப்பார், தெரபி கொடுப்பார். மருந்து அவர் வேலை இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ போன்ற சில மாநிலங்களில் தனிப் பயிற்சி எடுத்த உளவியலாளர்கள் மருந்தும் எழுதலாம் என்பது விதிவிலக்கு. ஆலோசகர் பெரும்பாலும் வாழ்க்கைச் சிக்கல்களுக்குத் துணை நிற்பவர். மூன்று பேரும் ஒரே நோயாளியைப் பார்க்க நேரும், அதனால் எங்கே தன் எல்லை முடிகிறது என்று தெரியாதவர் இந்தத் தொழிலில் ஆபத்தானவர்.

துறைக்கு ஒரு பிறந்த ஆண்டு சொல்ல வேண்டுமானால் 1896. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் ஓர் உளவியல் கிளினிக் தொடங்கினார். முதலில் வந்தது ஓர் ஆசிரியை அழைத்து வந்த பள்ளிச் சிறுவன். பிழையில்லாமல் எழுத வராது அவனுக்கு. பார்த்தால், கண்ணில் கோளாறு. அதைச் சரிசெய்த பிறகுதான் எழுத்துப் பயிற்சி. இன்றைக்கும் முதல் அமர்வில் முதல் வேலை அதேதான்: உடம்பைத் தள்ளிவிட்டு மனசுக்குள் நுழையாதே. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும், தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும் மனச்சோர்வு போலவே இருக்கும். தைராய்டு அதிகமானாலோ இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலோ பதற்ற நோய் மாதிரி தெரியும். சமீபத்தில் ரத்தப் பரிசோதனை செய்தாரா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமல் மூன்று மாதம் தெரபி நடத்தி, கடைசியில் தைராய்டு என்று தெரிந்தால், வீணானது நோயாளியின் காலம்.

அடுத்து வருவது ஃபார்முலேஷன், அதாவது இவருடைய பிரச்சினை எப்படி வந்தது, எப்படி நிலைத்திருக்கிறது என்று ஒரு வரைபடம்போல எழுதிப் பார்ப்பது. படிப்பில் சுருக்கமாகச் சொல்லித்தரப்பட்டு, வேலையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் பகுதி இதுதான். ஐந்து கேள்விகள்: இப்போது என்ன தொந்தரவு, இவருக்கு இது வர ஏதுவாக முன்பே இருந்தது என்ன, கிளப்பிவிட்டது எது, தொடரவைப்பது எது, காப்பாற்றிக்கொண்டிருப்பது எது. புதிதாக வருகிறவர்கள் இரண்டாவதிலேயே மூழ்கிவிடுவார்கள். குழந்தைப் பருவம், அப்பா, அம்மா என்று நான்கு அமர்வு ஓடிவிடும். அதெல்லாம் வேண்டாம் என்றில்லை. ஆனால் கைவைத்தால் அசைவது நான்காவது கேள்வியின் பதில்தான்.

பேனிக் கோளாறை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு லிஃப்டில் முதல்முறை நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்ற பயம் வந்தது. இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. எட்டு மாதம் கழித்தும் அவர் லிஃப்டில் ஏறுவதில்லை. வெளியே போனால் தண்ணீர் பாட்டிலும் ஒரு மாத்திரையும் பையில் இருக்கும். தியேட்டரில் வாசலோரம்தான் உட்காருவார். மணிக்கொருதரம் நாடி பிடித்துப் பார்ப்பார். இங்கே நோயைத் தாங்கிப் பிடிப்பது லிஃப்ட் இல்லை. அந்தப் பாட்டிலும் வாசலோர நாற்காலியும்தான். ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பும்போது, "ஒன்றும் ஆகாது" என்று மூளை கற்றுக்கொள்வதில்லை. "பாட்டில் இருந்ததால் தப்பித்தேன்" என்று கற்றுக்கொள்கிறது. டேவிட் கிளார்க் 1986-இல் முன்வைத்த பேனிக் மாதிரியின் மையம், உடம்பில் எழும் சாதாரண உணர்வை ஆபத்து என்று தவறாகப் படிப்பது. இந்தப் பாதுகாப்புப் பழக்கங்கள் அந்தத் தவறைத் திருத்த விடுவதில்லை.

அப்படியானால் சிகிச்சை என்ன? அந்த உணர்வுகளை அறையிலேயே வேண்டுமென்று வரவழைப்பது. வேகமாக, ஆழமாக ஒரு நிமிடம் மூச்சு விடுவது. தலையை இடவலமாக 30 விநாடி ஆட்டுவது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு இழுப்பது. சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுவது. தொடங்கும் முன், "என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள், எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். "மயங்கி விழுந்துவிடுவேன், 80 சதவீதம்." முடிந்ததும், நடந்தது என்ன என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். எது நிஜமான பேனிக் போலவே இருந்ததோ, அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், பிறகு லிஃப்டுக்குள்ளேயே, பாட்டில் இல்லாமல். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதில் எதையும் தொடக் கூடாது.

கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, தெரபிஸ்டே பயந்துவிடுவார்; நோயாளியின் முகம் வெளுத்ததும் நாற்பதாவது விநாடியில் "போதும் போதும்" என்று நிறுத்திவிடுவார். "இது ஆபத்துதான் போல, டாக்டரே பயப்படுகிறார்" என்ற பாடம் அங்கே பதிந்துவிடும். இரண்டு, ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியை அட்டாக் வரும்போது தப்பிக்கும் வழியாகச் சொல்லிக்கொடுப்பது. தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் மூச்சுப் பயிற்சி வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

ஓ.சி.டி.யிலும், அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைச் செய்துகொண்டே இருக்கவைக்கும் நோயிலும், இதே தர்க்கம்தான். விக்டர் மேயர் 1966-இல் வெளியிட்ட சிகிச்சை முறையிலிருந்து வளர்ந்தது இ.ஆர்.பி. (எதிர்கொள்ளவைத்து, சடங்கைத் தடுக்கும் முறை): பயத்தைக் கிளப்பும் ஒன்றைத் தொடு, வழக்கமான சடங்கைச் செய்யாதே. பயங்களை 0 முதல் 100 வரை மதிப்பிட்டு ஒரு பட்டியல் போடுவார்கள். நடுவில், 50-ஐ ஒட்டிய மதிப்பெண் உள்ள ஒன்றில் தொடங்குவது வழக்கம். கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு கை கழுவாமல் இருப்பது மாதிரி. புதியவர்கள் கோட்டைவிடுவது கண்ணுக்குத் தெரியாத சடங்குகளில். கையைக் கழுவவில்லை, சரி. ஆனால் மனசுக்குள்ளேயே "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று ஏழு தடவை சொல்லி முடித்திருப்பார். அல்லது வீட்டுக்குப் போய் மனைவியிடம் "எதுவும் ஆகாதுல்ல?" என்று கேட்பார், அவர் ஆறுதல் சொல்வார், அதுவும் சடங்குதான். குடும்பத்தை உட்காரவைத்து, ஆறுதல் சொல்வது எப்படி நோய்க்குத் தீனியாகிறது என்று விளக்காமல் ஓ.சி.டி. சிகிச்சை பாதியில் நின்றுவிடும். ஆறுதலை ஒரே நாளில் வெட்டச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். "இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்னு நாம ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம்ல" என்ற வாக்கியத்தைக் கணவன் மனைவி இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பயன்படுத்துவது நடைமுறையில் பலன் தரும்.

மனச்சோர்வுக்கு வந்தால், ஏரன் பெக் உருவாக்கிய சி.பி.டி.யின் (எண்ணங்களையும் செயல்களையும் மாற்றும் தெரபி) பெயர் எல்லோருக்கும் தெரியும். அதில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்றை நீல் ஜேக்கப்சன் குழு 1996-இல் வெளியிட்டது. அன்றாடச் செயல்களைத் திட்டமிட்டுக் கூட்டுவது மட்டும், எண்ணங்களைத் திருத்தும் பகுதியும் சேர்ந்த முழுத் தெரபிக்குக் குறைவில்லாமல் பலன் தந்தது. எண்ணத்தை மாற்றினால்தான் செயல் மாறும் என்று நினைத்தவர்களுக்கு இது சற்று சங்கடமான முடிவு. இன்று செயல்களைக் கூட்டும் இந்தப் பகுதி தனிச் சிகிச்சையாகவே கற்பிக்கப்படுகிறது.

கேட்க எளிது, செய்வதில்தான் சங்கதி. முதல் வாரம் எதையும் மாற்றச் சொல்லக் கூடாது. மணிக்கு மணி என்ன செய்தார், அப்போது மனநிலை பத்துக்கு எத்தனை என்று ஒரு தாளில் குறிக்கச் சொல்ல வேண்டும். அந்தத் தாளைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்: படுக்கையில் போனோடு கிடக்கும் மூன்று மணி நேரம் 2-இல் தொடங்கி 1-இல் முடிகிறது, தங்கையோடு போனில் பேசிய பத்து நிமிடம் 4. இரண்டாவது வாரம் ஒரே ஒரு செயல். "தினமும் ஒரு மணி நேரம் நடங்கள்" என்று சொல்லி அனுப்பினால் அது நடக்காது, நடக்கவில்லை என்பது "என்னால் எதுவுமே முடியாது" என்பதற்கு இன்னொரு சாட்சியாகிவிடும். "செவ்வாய் காலை ஏழு மணிக்கு செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புவது, மனம் எப்படி இருந்தாலும்." நாள், நேரம், அளவு மூன்றும் இருக்க வேண்டும். உற்சாகம் வந்தபின் செய்யலாம் என்று காத்திருப்பதுதான் நோயின் பிடி.

எண்ணங்களோடு வேலை செய்யும்போது நடக்கும் பெரிய விபத்து, அமர்வு பட்டிமன்றமாகிவிடுவது. "நான் தோற்றுப்போனவன்" என்கிறார் நோயாளி. "இல்லையே, நீங்கள் டிகிரி வாங்கியிருக்கிறீர்கள், நல்ல வேலை இருக்கிறது" என்று தெரபிஸ்ட் ஆதாரம் அடுக்குகிறார். அவர் எதிர் ஆதாரம் கொண்டு வருகிறார். நன்றாக வாதாடத் தெரிந்த நோயாளி ஜெயித்துவிடுவார், ஜெயித்தால் தோற்றவர் அவரேதான். "தோற்றுப்போனவன்னா உங்க கணக்குல யாரு? அந்த அளவுகோலை உங்க நண்பருக்கும் வைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது மேல். நேர்மறைச் சிந்தனை என்ற பெயரில் நடக்கும் உபதேசத்துக்கும் சி.பி.டி.க்கும் சம்பந்தமே இல்லை.

டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) நடத்தப்படும் விதம் பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். மார்ஷா லினஹன் அதை உருவாக்கியது, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நிலையில் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்காக. முழு டி.பி.டி. என்றால் நான்கு அங்கம்: வாரம் ஒரு தனி அமர்வு, வாரம் ஒரு திறன் பயிற்சி வகுப்பு, இடையில் நெருக்கடி வந்தால் தொலைபேசி உதவி, தெரபிஸ்டுகளே தங்களுக்குள் கூடிப் பேசும் வாராந்தரக் கூட்டம். கடைசி அங்கம் தெரபிஸ்ட் உடைந்துபோகாமல் இருக்க. இதில் திறன் பயிற்சித் தாள்களை மட்டும் அச்செடுத்துக் கொடுத்துவிட்டு "நான் டி.பி.டி. செய்கிறேன்" என்பது பரவலாக நடக்கிறது. தாள்கள் பயனற்றவை அல்ல; ஆனால் ஆய்வுகளில் நிரூபணமானதை நோயாளி வாங்கவில்லை என்பதை அவரிடம் சொல்ல வேண்டும்.

எல்லாத் தெரபியும் ஏறக்குறைய ஒரே பலன்தான் தரும் என்ற வாதம் பழையது; 1936-இலேயே சால் ரோஸன்ஸ்வைக் எழுப்பியது. மனச்சோர்வில் முறைகளுக்கிடையே வித்தியாசம் சிறிதுதான் என்பது உண்மை. ஆனால் ஓ.சி.டி.யிலும் பேனிக்கிலும் குறிப்பிட்ட ஒரு பொருள் மீதான பயத்திலும், பயந்ததை எதிர்கொள்ளவைக்காத தெரபி வெறும் பேச்சாகவே முடியக்கூடும். உறவுதான் குணப்படுத்துகிறது என்று சொல்லி முறையைக் கற்காமல் தப்பிப்பவர்களை நம்ப வேண்டாம். உறவு என்பதும் இனிமையாகப் பழகுவது அல்ல. எட்வர்ட் போர்டின் 1979-இல் அதை மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, பிணைப்பு. மூன்றாவது மட்டும் இருந்து முதலிரண்டும் இல்லாத தெரபிகள் வருடக்கணக்கில் ஓடும், இருவருக்கும் பிடித்திருக்கும், ஒன்றும் மாறியிருக்காது.

அதனால்தான் அளவெடுக்க வேண்டும். பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாள் நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 5, 10, 15, 20 என்பவை லேசானது, மிதமானது, சற்றுக் கடுமையானது, கடுமையானது என்பவற்றின் தொடக்கம். காத்திருக்கும்போதே நிரப்பச் சொல்லி, அமர்வின் தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். கோப்பில் போட்டுவிட்டால் அது வெறும் காகிதம். "நோயாளி எப்படி இருக்கிறார் என்று எனக்கே தெரியும்" என்பவர்களுக்கு: 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் தெரபிஸ்டுகள் சுமார் 550 பேரைப் பார்த்து யார் மோசமாகிப்போவார்கள் என்று கணித்தார்கள். அவர்கள் சுட்டியது 3 பேர். மோசமானவர்கள் 40 பேர். ஐந்தாறு அமர்வு ஆகியும் எண் அசையவில்லையென்றால், ஃபார்முலேஷனை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும், அல்லது மருந்து தேவையா என்று மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்பது பதில் இல்லை.

அந்தத் தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர வேறு எதுவாக இருந்தாலும் அன்றைக்கே, அந்த அமர்விலேயே பேச வேண்டும். நேரடியாகக் கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயத்துக்கு ஆய்வு ஆதாரம் இல்லை. எண்ணம் மட்டுமா, திட்டம் இருக்கிறதா, கைக்கெட்டும் தூரத்தில் வழி இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா என்று நிதானமாகக் கேட்க வேண்டும். "செய்துகொள்ள மாட்டேன்" என்று கையெழுத்து வாங்குவது பழைய வழக்கம். அது யாரையும் காப்பாற்றியதாக நிரூபணம் இல்லை. பதிலாக பார்பரா ஸ்டான்லியும் கிரகரி பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தை நோயாளியின் வார்த்தைகளிலேயே ஒரு பக்கத்தில் எழுத வேண்டும்: எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்யக்கூடியவை, கவனத்தைத் திருப்ப உதவும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய சொந்தபந்தம், மருத்துவர் மற்றும் அவசர உதவி எண்கள், ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அகற்றுவது. ஆறாவது படியை நோயாளியிடம் மட்டும் விட்டுவிடாமல், அவர் சம்மதத்தோடு வீட்டில் ஒருவரையும் சேர்த்துச் செய்தால்தான் நடக்கும். உயிருக்கு ஆபத்து இருந்தால் ரகசியம் காக்க முடியாது என்பதை முதல் அமர்விலேயே சொல்லியிருந்தால் இந்த இடத்தில் துரோக உணர்வு வராது.

சோதனைகளைப் பற்றியும் கொஞ்சம். வெக்ஸ்லர் வகை நுண்ணறிவுச் சோதனைகளின் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவியிருக்கும் அளவு) 15. செய்து முடிக்க ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்; மதிப்பிட்டு அறிக்கை எழுத அதைவிடக் கூடுதல் நேரம். எண்ணை ஒற்றை எண்ணாகத் தராமல் பிழை எல்லையோடு தர வேண்டும். எந்த மக்களிடம் தரப்படுத்தப்பட்ட சோதனை என்று பார்க்காமல், வேறொரு மொழியில் வளர்ந்த குழந்தைக்கு அதே அட்டவணையை வைத்தால், சொல்வளப் பகுதியில் குழந்தை அநியாயமாகக் குறைந்துபோகும். சில மாதத்துக்குள் அதே சோதனையை மறுபடி செய்தால் பழக்கத்தால் எண் ஏறும். அதை முன்னேற்றம் என்று எழுதிவிடக் கூடாது. அறிக்கையில் ஆசிரியரும் பெற்றோரும் உண்மையில் படிப்பது கடைசிப் பக்கப் பரிந்துரைகளை மட்டும்தான். "கவனக்குறைவு உள்ளது" என்று முடிக்காமல், தேர்வில் எவ்வளவு கூடுதல் நேரம், வகுப்பில் எந்த இடம் என்று எழுதுகிறவரே உருப்படியான உளவியலாளர்.

இனி படிப்பு. நாட்டுக்கு நாடு பாதை மாறும்: சில இடங்களில் முதுகலைக்குப் பின் இரண்டாண்டுப் பயிற்சி, சில இடங்களில் ஐந்தாறு ஆண்டு முனைவர் படிப்பு. முனைவர் படிப்பிலும் இரண்டு வகை உண்டு. 1949-இல் கொலராடோவின் போல்டரில் நடந்த மாநாட்டில் உருவான மாதிரி, ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருவரே இருக்க வேண்டும் என்றது. 1973-இல் அதே கொலராடோவின் வெயில் (Vail) என்ற ஊரில் நடந்த மாநாடு சிகிச்சைக்கே முதலிடம் தரும் பட்டத்துக்கு வழிவிட்டது. எதில் சேர்ந்தாலும் விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். இந்தப் பட்டம் உரிமம் தருமா, அல்லது பட்டம் மட்டும்தானா? நீங்கள் வேலை செய்யப் போகும் நாட்டில் செல்லுமா? நேரில் நோயாளி பார்க்கும் மணிநேரம் எத்தனை, அதில் எத்தனைக்கு மேற்பார்வை? குழந்தைகள், தீவிர மனநோய், போதைப் பழக்கம், நரம்பியல் என்று எல்லாப் பிரிவுகளிலும் மாறி மாறிப் பயிற்சி கிடைக்குமா? ஆன்லைனில் சில மாதத்தில் சான்றிதழ் தரும் தெரபி கோர்ஸ்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. உரிமம் உள்ளவருக்கு அவை கூடுதல் பயிற்சி, இல்லாதவருக்குச் சுவரில் மாட்டும் காகிதம்.

மேற்பார்வை எப்படி நடக்கிறது என்பதைத் தோண்டிக் கேளுங்கள். மாணவர் நினைவிலிருந்து சொல்ல, மேற்பார்வையாளர் தலையாட்டுவது மேற்பார்வை ஆகாது. நோயாளியின் எழுத்துச் சம்மதத்தோடு பதிவு செய்த அமர்வைச் சேர்ந்து கேட்க வேண்டும். தன் பதிவைக் கேட்கும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் தெரிவது, தாங்களே அதிகம் பேசியிருக்கிறோம் என்பது. மௌனம் மூன்று விநாடி நீடித்ததும் அடுத்த கேள்வியை வீசியிருப்பார்கள். நோயாளி சொல்ல வந்தது அந்த நான்காவது விநாடியில் இருந்திருக்கும். ஒரு கேள்விக்கு, அவர் சொன்னதைப் பிடித்துத் திருப்பிச் சொல்வது இரண்டு என்ற விகிதம், மாற்றத்துக்கான விருப்பத்தை நோயாளியிடமிருந்தே வரவழைக்கும் ஊக்கமூட்டும் நேர்காணல் முறையில் நல்ல அளவாக வைக்கப்படுகிறது. பதிவைப் போட்டு விரல்விட்டு எண்ணலாம்.

உரிமம் வாங்கியதும் தனி கிளினிக் போடும் ஆசை இயல்பு. முதல் இரண்டு மூன்று வருடமாவது மனநல மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் இருக்கும் மருத்துவமனையில் வேலை செய்வது நல்லது. சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோவது) தொடங்கும் நிலையையும் இருதுருவக் கோளாறின் மேனியாவையும் (அளவுமீறிய உற்சாக நிலை) அங்கேதான் கண்ணால் பார்த்துப் பழக முடியும். அவற்றைப் பார்த்திராதவர் தன் அறையில் உட்கார்ந்து அதற்கு சி.பி.டி. செய்துகொண்டிருப்பார். நாளுக்கு ஐந்தாறு அமர்வுக்கு மேல் போனால் கடைசி நோயாளிக்குக் கிடைப்பது உங்கள் மிச்சம். ஐம்பது நிமிட அமர்வுக்குப் பின் பத்து நிமிடம் குறிப்பெழுத என்று விடாவிட்டால் இரவு பதினொன்றுக்கு மூன்று பேர் கதையும் கலந்துபோகும். கட்டணம், ரத்து விதி, இரவில் போன் எடுப்பீர்களா மாட்டீர்களா என்பதை எல்லாம் எழுத்தில் கொடுங்கள். பெயர்ப்பலகை மாட்டும் முன்பே இரண்டு ஏற்பாடு முடிந்திருக்க வேண்டும்: அவசரத்துக்கு அன்றே நோயாளியை அனுப்ப ஒத்துக்கொண்ட மனநல மருத்துவர் ஒருவர், வாரம் ஒரு மணி நேரம் உங்கள் பதிவுகளைக் கேட்டுக் கேள்வி கேட்க மூத்தவர் ஒருவர்.